எந்தப் பெட்டிக்கு அடி அதிகம்

நல்லவேளை, பஸ் ஸ்டாண்டுல நீங்க ஒரு பக்கம் பிடிச்சீங்க அண்ணாச்சி. தனியா ஏத்தியிருக்க முடியாது. கண்டக்டரு கேஸ் சிலிண்டரைப் பாக்க மாதிரிப் பாத்தாரு. இது ஒண்ணுமில்ல, ஆம்ப்ளிஃபயரு. பாஸ் கிட்டாருக்கு உள்ளது. உள்ள டிரான்ஸ்ஃபார்மர்னு ஒண்ணு கெடக்கு, அந்த இரும்புதான் இவ்வளவு கனம். கால்ல இடிச்சா சொல்லுங்க, இந்தப் பக்கம் தள்ளிக்கிடுதேன்.

மதுரைக்குத்தான். நீங்களும் மதுரையா? அப்ப நேரம் கெடக்கு.

எனக்குப் பாளையங்கோட்டை. பேரு வேதமுத்து. மெல்லிசைக் குழுவுல பாஸ் வாசிக்கேன். பொருநை மெல்லிசைன்னு பேரு, நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடை, சர்ச்சுல ஊருக்கே சாப்பாடு போடுத அசனப் பண்டிகை, எதுக்குக் கூப்பிட்டாலும் போவோம். பாஸ்னா என்னதுன்னு எல்லாரும் கேப்பாவ. நாலு கம்பி உள்ள கிட்டாரு. அடித்தொண்டையில முனங்குத மாதிரி ஒரு சத்தம். பாட்டு ஓடும்போது அதை யாரும் தனியாக் கவனிக்கது கெடையாது. மேடையில நிக்கதுலயே ஒருத்தரும் திரும்பிப் பாக்காத ஆளு நான்தான். கல்யாண வீடியோவுல என் கை வரும், மூஞ்சி வராது.

அதனால எனக்கு எல்லாமே இந்தப் பெட்டிதான். கிட்டாரு யாரு கையிலயும் இருக்கலாம், பெட்டி சரியில்லன்னா அடி வராது.

அடின்னு நாங்க சொல்லுதது வேற, சத்தம் வேற அண்ணாச்சி. சத்தம் காதுக்கு. அடி இங்க, நெஞ்சுக்குழியில. கொடையில மேளக்காரங்க பக்கத்துல நின்னிருக்கீங்களா? சட்டை பட்டன் அதிருமில்லா, அது. இப்ப உள்ளவங்க பஞ்ச்னு சொல்லுவாவ. ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சுத்தான் கடையில போயி வாட்டைக் கேட்டு வாங்கிட்டு வந்து முழிப்பாவ. வாட்டு ரெண்டு பங்கானா சத்தம் ரெண்டு பங்கு ஆகாது. கொஞ்சம் கூடியிருக்கோன்னு காதுக்கு ஒரு சந்தேகம் வரும், அவ்வளவுதான். காது ரெண்டு பங்குன்னு ஒத்துக்கிடணும்னா வாட்டு பத்துப் பங்கு ஏறணும். இது கணக்கு. நான் சொல்லுதது இல்ல.

இந்தப் பெட்டி வால்வுப் பெட்டி. பழைய ரேடியோவுல கண்ணாடிக் குழாய் எரியும்லா, அதேதான், பெருசு. நூறு வாட்டுதான். ஆனா இதை அதோட அளவுக்கு மேல தள்ளினாலும் உடையாது, உப்பிக்கிட்டு வரும், வந்து முட்டும். டிரான்சிஸ்டர் பெட்டி அப்படி இல்ல. அதோட எல்லை வரைக்கும் சுத்தமா வரும், தாண்டினா தகரத்தைக் கிழிச்ச மாதிரி ஆயிரும். அதனால பாதியிலயே கையை நிப்பாட்டிக்கிடணும். முந்நூறு வாட்டு வச்சுக்கிட்டு என்ன செய்ய, நூறு வாட்டு வால்வுக்கு முன்னால வாய் தெறக்காது. நான் சும்மா சொல்லல. ரெண்டையும் வச்சு வாசிச்சவன் சொல்லுதேன்.

இதை ஒரு சர்ச்சுல பழசுன்னு ஒதுக்கி வச்சிருந்தாவ. நானும் சிகாமணியும்தான் போயி எடுத்துட்டு வந்தோம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு.

சிகாமணின்னா ஞானசிகாமணி. எங்க டிரம்ஸ். குழு ஆரம்பிச்ச நாள்ல இருந்து எனக்கு இடது பக்கம் உக்காந்தவன். ஒரே வயசுதான், ஆனா நீரு வாரும்னுதான் பேசிக்கிடுவோம், அப்படியே பழகிட்டு. டிரம்ஸ்ல கீழ ஒரு பெரிய டிரம் படுத்துக் கெடக்கும், பாத்திருப்பீங்க. அதைக் காலால மிதிக்கணும். அவன் கால் எறங்கும்போது என் விரல் எறங்கணும். பாட்டு முழுக்க அவன் வலது காலைப் பாக்கதுதான் எனக்குச் சோலி. எத்தனை கல்யாணம் வாசிச்சிருக்கேன், பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சி ஒண்ணும் ஞாபகம் இல்ல. அவன் கால் பெருவிரல் நகம் சொத்தை. அது ஞாபகம் இருக்கு.

போன ஆடியில எனக்குக் குடலிறக்கம்னு ஆபரேஷன் ஆச்சு. அடிவயித்துல. கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. டாக்டர்னா சொல்லத்தான செய்வாரு. திரும்பி முதக் கச்சேரிக்குப் போறேன், வேன்ல இருந்து பெட்டியை எறக்கணும். நான் என் பக்கத்தைப் பிடிக்கேன். சிகாமணி என் கையைத் தட்டிவிட்டான்.

"விடும்வே. ஆளைக் கூப்பிடுதேன்."

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"தையல் பிரிஞ்சா யாரு பாக்க?"

மண்டபத்துச் சமையல்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து எறக்கினான். அடுத்த கச்சேரியிலயும் அப்படித்தான். நான் தொட வந்தாலே ஒரு பார்வை. ஆள் கெடைக்கலன்னா அவனே நெஞ்சோட அணைச்சு ஒத்தையா எறக்குவான். எறக்கி வச்சுட்டு செத்த நேரம் வேன் படியிலயே உக்காந்திருப்பான். எனக்கு எரிச்சலா இருக்கும். என் பெட்டியை நான் தூக்கக் கூடாதாம். ஒரு தடவை அவன் பாத்ரூம் போன நேரம் பாத்து நானே தூக்கி மேடையில வச்சுட்டேன். வந்து பாத்தான். அன்னைக்குப் பூரா யார்ட்டயும் பேசல.

அந்தச் சமயத்துலதான் எங்க குழு நடத்துத சங்கரநயினார் ஒரு புதுப் பெட்டி வாங்கிட்டு வந்தாரு. டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். கைப்பிடியில ஒரு விரலைக் கோத்துத் தூக்கிட்டு வாராரு. எண்ணூறு வாட்டாம். டிஜிட்டலாம். "இனி இதுதான் வேதமுத்து, உம்ம அம்மிக்கல்லை வீட்டுல வச்சுப் பூசை பண்ணும்"னாரு. எல்லாரும் சிரிச்சாவ. சிகாமணியும் சிரிச்சான்.

வாசிச்சுப் பாத்தேன். சுத்தம், நான் இல்லன்னு சொல்லல. கம்பியைத் தொட்டா உடனே பேசும். ஆனா பக்கத்து ரூம்ல யாரோ வாசிக்க மாதிரி இருந்துச்சு. என்ட்ட வரல. இதுல அடி இல்லன்னேன். "அடி உம்ம மனசுலதான் இருக்கு வே"ன்னாரு சங்கரநயினார். அப்ப வச்சுப் பாப்போம்னேன். இது, புதுசு, எங்க குழுவுல கெடந்த டிரான்சிஸ்டர் பெட்டி, மூணையும் வச்சு, கண்ணுல காட்டாம, காது சொல்லட்டும்னேன். நான்தான் சொன்னேன், அவர் சொல்லல.

முக்கூடல்ல ஒரு மண்டபம். சாயங்காலம் ரிசப்ஷன், நாங்க மத்தியானமே போயிட்டோம். சமையல்கட்டுல பஜ்ஜி போட்டுக்கிட்டு இருந்தாவ. ஹால்ல நாற்காலியை இன்னும் விரிக்கல. ஸ்பீக்கர் பெட்டி ஒண்ணு. அதுல மூணு ஆம்ப்பையும் மாத்தி மாத்திச் சொருகணும். சங்கரநயினார் ஃபோன்ல சத்தம் அளக்குத சாமானம் ஒண்ணு வச்சிருந்தாரு. மூணையும் அதுல ஒரே அளவு காட்டுத மாதிரி வச்சாரு. அதுவும் நான் சொன்னதுதான். மீட்டர்ல ஒரே அளவு இருக்கணும், அப்பதான் எது காதுக்கு அதிகமாத் தெரியுது, எது அடிக்குதுன்னு சொல்ல முடியும். நியாயமா நடக்கணும்லா.

கேக்கதுக்கு யாரு? சிகாமணியைத்தான் சொன்னேன். அவனைத் தவிர என் வாசிப்பைக் கேட்ட ஆளு உலகத்துல வேற யாரு இருக்கா? ஹால் நடுவுல ஒரு நாற்காலி போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உக்காந்தான். கையில பஜ்ஜித் தட்டு.

ஒரே வாசிப்புதான், மூணு தடவை. முதல்ல டிரான்சிஸ்டர். ரெண்டாவது புதுசு. மூணாவது இது. இது பேசும்போது மண்டபத்து ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் பாத்தேன் அண்ணாச்சி. சமையல்கட்டுல இருந்து ஒரு அம்மா எட்டிப் பாத்தாவ.

"எது வே?"ன்னாரு சங்கரநயினார்.

சிகாமணி திரும்பல. தட்டுல ஒரு பஜ்ஜியைப் பிச்சுப் பிச்சு வச்சான். பொறவு, "ரெண்டாவது"ன்னான்.

வரிசை மாறட்டும்னேன். இதை முதல்ல வச்சோம், புதுசைக் கடைசியில. மறுபடி வாசிச்சேன். விரல் தோலு போற மாதிரி வாசிச்சேன்.

"மூணாவது"ன்னான்.

ரெண்டு தடவையும் புதுசுதான். நான் மேடையில இருந்து எறங்கிப் போயி அவன் முன்னால நின்னேன்.

"உமக்குக் காது போயிட்டா?"

"போயிருக்கும்வே. வயசாவுதுல்லா"ன்னு சொல்லிட்டு ஒரு பஜ்ஜியை எடுத்து நீட்டினான். நான் வாங்கல.

அவ்வளவுதான். சண்டை போடல. நான் சண்டை போடுத ஆளு இல்ல. அன்னைக்கு ராத்திரி புதுப் பெட்டியிலயே வாசிச்சேன். இது என் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில போயிட்டு. நான் சிகாமணிட்டப் பேசுததை நிப்பாட்டிட்டேன். கோவம்னு இல்ல. என்ன பேச? அவ்வளவு வருஷம் பக்கத்துல உக்காந்த ஆளுக்கு என் அடி எதுன்னு தெரியலன்னா பேசுததுக்கு என்ன இருக்கு? அவன் காலையும் பாக்கல. எதுக்க உள்ள சுவரைப் பாத்து வாசிச்சேன். தப்பு வரல. பழகின பாட்டுதான.

அவன் பேசத்தான் செஞ்சான். வேன்ல ஏறும்போது, "என்னவே, சாப்ட்டீரா?"ம்பான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிடுவேன். ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். நான் உள்ள இருந்துக்கிட்டே இல்லன்னு சொல்லச் சொன்னேன். என் வீட்டுக்காரி சொல்லிட்டா. அவன் வாசல்ல நின்னு, "தையல் ஆறிட்டா?"ன்னு அவள்ட்டக் கேட்டானாம். ஆறிட்டுன்னாளாம். சரின்னுட்டுப் போயிட்டானாம்.

கார்த்திகையில ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழும்பல. நெஞ்சுவலியாம். சங்கரநயினார் ஃபோன்ல சொன்னாரு. நான் சரின்னேன். அவர் மறுபடியும், "வே, நான் சொல்லுதது கேக்கா?"ன்னாரு. கேக்குன்னேன். கேக்கத்தான் செஞ்சுது.

அடக்கத்துக்குப் போனேன். எல்லாரும் என்னையவே பாத்தாவ. ரெண்டு பேரும் எப்படி இருந்தோம்னு தெரிஞ்சவங்கதான எல்லாரும். ஒருத்தர் வந்து தோளைப் பிடிச்சு, அழுதுரும்வேன்னாரு. அழுகை வரல அண்ணாச்சி. சர்ச்சு ஐயரு ஜெபம் பண்ணுதாரு, மைக் கீச்சுன்னு கத்துது. ட்ரெபிள், அதான் மேல்ச்சத்தம், ஜாஸ்தி. மைக் செட்டுக்காரனை ஆளைக் காணோம். நான்தான் போயி ட்ரெபிளைக் குறைச்சு, கீழ்ச்சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தி வச்சேன். பொறவு ஜெபம் தெளிவாக் கேட்டுது. அது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. மண் போட்டது ஞாபகம் இல்ல. போட்டிருப்பேன்.

பெறகு ஒரு மாசம் குழு எங்கயும் போகல. திரும்ப ஆரம்பிக்கும்போது சங்கரநயினார் என்னைக் கூப்பிட்டு, "உம்ம பழைய பெட்டியையே கொண்டாரும்வே, நான் ஒண்ணும் சொல்லல"ன்னாரு. நான் கேக்கக்கூட இல்ல. அவராச் சொன்னாரு. ஆளை வச்சு ஏத்திக் கொண்டுபோயி, துடைச்சு, வால்வு சூடாகுத வரைக்கும் காத்திருந்து, வாசிச்சேன்.

அடி இல்ல.

சத்தம் இருக்கு. ஜன்னல் அதிருது. கையைப் பெட்டி மேல வச்சா உள்ளங்கை நடுங்குது. ஒரு தம்ளர் தண்ணியை மேல வச்சுப் பாத்தேன், தண்ணி அலையடிக்கு. பாட்டு முடிஞ்சு ஒருத்தர் மேடைக்கே வந்து, "அண்ணே, இன்னைக்கு பாஸ் நெஞ்சுல அடிக்குதே"ன்னுட்டுப் போறாரு. என்ட்ட வரல. எல்லாருக்கும் போகுது, எனக்கு மட்டும் வரல.

வால்வு போயிருக்கும்னு நெனைச்சேன். பாளையங்கோட்டையில ஒரு டெக்னீசியன்ட்டக் காட்டினேன். எல்லாம் நல்லா இருக்குன்னாரு. அவருக்கு வால்வைப் பத்தி என்ன தெரியும்னுட்டு டவுன்ல இன்னொருத்தர்ட்டக் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னாரு. காதையும் காட்டிட்டேன், வீட்டுக்காரி தொல்லை தாங்காம. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு பீப் பீப்னு வச்சாவ. வயசுக்கு நல்லாவே இருக்குன்னாவ.

என்ன கேட்டீங்க? டிரம்ஸா? இப்ப டிரம்ஸ் கெடையாது அண்ணாச்சி. கீபோர்டு வாசிக்கவரே ஒரு பெட்டி வச்சிருக்காரு, அதுல இருந்து எல்லாத் தாளமும் வந்துரும். இடது பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு அதை வச்சிருக்காரு. தாளத்துக்கு ஒரு தடவை சிவப்பு லைட்டு எரியும். நான் அந்த லைட்டைப் பாத்து வாசிக்கேன். அது பிசகாது. ஆளு வாசிச்சா முன்னப்பின்ன ஆகும், இது ஒரு மயிரிழை கூட ஆகாது. இல்ல, அதுல ஒண்ணும் குறை இல்ல. குறை இந்தப் பெட்டியிலதான்.

அவன் வீட்டுக்கு ஒரு தடவை போனேன். அவன் சம்சாரம் ரூபி கூப்பிட்டு விட்டிருந்தா. டிரம்ஸ் செட்டை என்ன செய்யன்னு கேக்கதுக்கு. ஹால்ல ஓரமா போர்வை போட்டு மூடி வச்சிருந்தா. நான் போர்வையைத் தூக்கிப் பாக்கல. சர்ச்சுக்குக் குடுத்துரும்மா, பாடகர் குழுவுக்கு ஆகும்னேன். சரின்னுட்டு காப்பி போட்டுக் கொண்டுவந்தா. எதுக்க உக்காந்தா.

"அண்ணே, அவங்க மேல இன்னும் கோவமா?"

"கோவம்லாம் இல்லம்மா."

"அன்னைக்கு முக்கூடல்ல இருந்து வந்து சிரியா சிரிச்சாவ. வேதமுத்து பெட்டி எனக்குத் தெரியாதா, செத்துக் கெடந்தாலும் தெரியும், ரெண்டு தடவையும் தெரிஞ்சுதுன்னாவ. அப்ப ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு கேட்டேன். நான் அதைச் சொன்னா அந்த மனுஷன் மறுபடியும் அதைத் தூக்குவாரு, நான் இல்லாத நேரம் பாத்துத் தூக்குதாரு, தையல் பிரிஞ்சு போச்சுன்னா என்ன செய்யன்னாவ. பொறவு நீங்க பேசலன்னதும் மனசு சங்கடம். கோவம் ஆறட்டும், நானே சொல்லிக்கிடுதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ."

காப்பியைக் குடிச்சேன். சீனி கூடிட்டோன்னு கேட்டா. இல்லம்மா, சரியா இருக்குன்னேன். சீனி போட்டிருந்தாளா இல்லையான்னே எனக்குத் தெரியல. வெளிய வந்து செருப்பைப் போட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா ஒண்ணு என்னுது இல்ல. அவனோடது. திருப்பிக் கொண்டுபோயிக் குடுக்கல இன்னும்.

நான் ஒண்ணு கேக்கேன், நீங்களே சொல்லுங்க. அன்னைக்குக் கேட்ட கேள்வி எது? எது அதிகமா அடிக்குன்னுதான கேட்டோம். எது கனம் கம்மின்னு யாராவது கேட்டாவளா? யாரு தூக்கணும், யாரு தூக்கக் கூடாதுன்னு கேட்டாவளா? மீட்டரைச் சரி பண்ணி, வரிசையை மாத்தி, அவ்வளவு நியாயமா வச்சது எதுக்கு? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணுமா வேண்டாமா? மூணாவதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. நான் தூக்காம இருந்திருப்பேன். ஆளை வச்சுத் தூக்கியிருப்பேன். சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்லா. நான் என்ன சொன்னா கேக்காத ஆளா?

நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீங்களே.

சரி, விடுங்க. ரூபி வீட்டுல இருந்து வந்த பொறவு சங்கரநயினார்ட்டச் சொல்லி மறுபடி அதே மாதிரி வச்சுப் பாத்தேன். எங்க ரிகர்சல் ரூம்ல. மூணு பெட்டி, ஒரு ஸ்பீக்கர், அதே மீட்டர். இந்தத் தடவை நான் நாற்காலியில உக்காந்தேன், முதுகைக் காட்டி. கிட்டாரை அவர் வாசிச்சாரு, அவருக்குக் கொஞ்சம் வரும். மாத்தி மாத்திச் சொருகி, "எது வே?"ன்னு கேக்காரு. எனக்குத் தெரியல. மறுபடி வைங்கன்னேன். மறுபடி வச்சாரு. இது வால்வு, இது புதுசுன்னு நெனைப்பேன், அது அப்படி இருக்காது. மூணும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. கடைசியில அவரு கிட்டாரைக் கழத்தி வச்சுட்டு, "வீட்டுக்குப் போவோம் வேதமுத்து"ன்னாரு. இன்னும் ஒரு தடவைன்னேன். அவரு எனக்கு முன்னால வந்து குத்த வச்சு உக்காந்து என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. எதுக்குன்னு நான் கேக்கல.

மதுரையில வால்வு பாக்கதுக்குன்னே ஒருத்தர் இருக்காராம். பழைய ஆளாம், சினிமா தியேட்டர் ஆம்ப்ளிஃபயரெல்லாம் பாத்த கையாம். ஃபோன்ல பேசினேன். கொண்டாங்க பாப்போம்னாரு. என்ன கம்ப்ளெய்ன்ட்னு கேட்டாரு. நேர்ல சொல்லுதேன்னுட்டேன்.

அதைத்தான் திருநெல்வேலியில இருந்து யோசிச்சுக்கிட்டே வாரேன் அண்ணாச்சி. சத்தம் வரலன்னு சொல்ல முடியாது, வருது. கரகரப்பு இல்ல. இரைச்சல் இல்ல. எந்த வால்வும் அணையல. அவர் அங்க வச்சு ஆன் பண்ணினார்னா நல்லாத்தான் பாடும். பாடிட்டு, இதுல என்ன குறைன்னு என் மூஞ்சியைப் பாப்பாரு.

நீங்க வேற சோலியில உள்ள ஆளு. வெளிய இருந்து கேக்கீங்க. நீங்களா இருந்தா அவர்ட்ட என்னன்னு சொல்லுவீங்க?